ஆளுகையும் அருளும்: கிறித்துவர்தம் உயிரிரக்கக் கொள்கை பற்றியதோர் உடன்பாடும் மறுப்பும்

பிறர் மதத்தை மறுக்கப் புகுவோன், அம்மதத்தாரே “ஆம், எங்கள் கொள்கை இதுவே” என்று உடன்படுமாறு அதனை முதற்கண் எடுத்துரைத்தல் வேண்டும். அதன் பின்னரே அதன்கண் உள்ள குறையைக் காட்டுதல் வேண்டும். நம் முன்னோர் பரபக்கம் கூறிய முறை இதுவாகும். சிவஞானசித்தியார் அருளிய அருணந்தி சிவாசாரியார் புறச்சமயத்தார் ஒவ்வொருவரையும் அவரவர் வாயாலேயே அவரவர் கொள்கையைப் பேசுவித்து, அவர் சொல்லி முடித்த பின்னரே மறுக்கத் தொடங்குகின்றார். எதிரி கருதாத பொருளை அவன் சொல்லின்மேல் ஏற்றி, அதனை மறுத்து, வென்றதாக மகிழ்தல் தருக்க நூலாரால் சலம் எனப்படும். சலத்தால் வென்றவன் தோற்றவனே யாவன்.

இதனை முன்னர்க் கூறியது எற்றுக்கெனின், கிறித்துவ சமயத்தைப் பற்றி நம்மவருள் வழங்கும் ஒரு கூற்று இச்சலத்தின்பாற் பட்டதாக இருத்தலினாலென்க. “மனிதன் எல்லா உயிர்களையும் ஆளக்கடவன் என்று அவர்தம் கடவுளே விதித்துவிட்டார், ஆதலால் அவர் சமயத்தில் உயிரிரக்கத்துக்கு இடமே இல்லை” என்பது அக்கூற்று. மறுபுறத்தே கிறித்துவருள்ளும் சிலர், “விலங்குகள் எமக்காகவே படைக்கப்பட்டன, இரங்கினால் நன்று, இரங்காவிடினும் எம்மேற் குற்றமில்லை” என்பர். இவ்விரு திறத்தாரும் ஒருவரையொருவர் பகைப்பாரே யெனினும், ஆளுதல் என்பதற்குத் தான் விரும்பியவாறு செய்தல் என்று பொருள் கொள்வதில் இருவரும் ஒன்றுபட்டே நிற்கின்றனர். அப்பொருளே பிழை யென்பது எமது துணிபு. இனி, மூன்றாவதாக, அவ்வாளுகையை இரக்கத்தோடு செலுத்துதலே கடவுள் திருவுள்ளம் என்னும் கிறித்துவ நன்மக்கள் பலர் உளர். அவரை யாம் போற்றுகின்றோம். எனினும் அவரும் செல்லவேண்டிய வழியில் ஓரடி குறைய நின்றுவிட்டனர் என்பதையும் மறையாது கூறுவோம்.

இப்பொருளை யான் எழுதத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. திருமடத்திற் பாடங் கேட்டு வெளிப்போந்த இளமைக் காலத்தில், ஒரு சிற்றூரில் சமயச் சொற்பொழிவு செய்ய நேர்ந்தது. பவுல் என்பார் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில், போரடிக்கும் எருதைப் பற்றிய ஒரு விதியைக் கூறி, அது எருதுகளின் பொருட்டோ, நம் பொருட்டோ என்று வினவி, நம் பொருட்டே என முடிக்கின்றார். அவ்வோரிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, “எருதுக்கு இரங்காத கடவுளை வணங்குவோரே!” என்று முழங்கினேன். கூட்டத்தார் கைகொட்டி ஆரவாரித்தனர். கூட்டம் கலைந்தபின், ஓரமாக நின்றிருந்த முதிய உபதேசியார் ஒருவர் அருகே வந்தார். “தம்பி, நன்றாகப் பேசினீர்கள். அந்த எருதின் வாயைக் கட்டாதே என்று முதலிற் சொன்னவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்” என்று மட்டும் சொல்லி, ஒரு துண்டுத் தாளில் இரண்டு இடங்களைக் குறித்துக் கொடுத்துச் சென்றார். அன்று அத்தாளை யான் பொருட்படுத்திலேன். பல்லாண்டுகள் கழித்துப் பழைய ஏட்டுக்கட்டு ஒன்றினுள் அது கிடைப்ப, அவ்விடங்களைத் தேடிப் படித்தேன், நாணினேன். அப்பொழுது அப்பெரியவர் உயிரோடு இல்லை. இக்கட்டுரை அக்கடனை ஒருவாறு தீர்க்கும் முயற்சியாகும்.

இனி நூலுட் புகுவோம். ஆளுகை பற்றிய விதி ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் உள்ளது. (ஆகமம் என்னும் நம் சொல்லையே தம் முதனூலின் பெயரில் அவர் அமைத்துக்கொண்டமை கருதத்தக்கது.) கடவுள் மனிதனைத் தம் சாயலாகப் படைத்து, மீன், பறவை, நாற்கால் விலங்கு, ஊர்வன ஆகியவற்றை ஆளவும் பூமியைக் கீழ்ப்படுத்தவும் பணித்தார் என்பது அதன் சாரம். எபிரேய மூலத்தில் ஆளுதற்கு ‘ராதா’ என்னும் சொல்லும், கீழ்ப்படுத்துதற்கு ‘காபாஷ்’ என்னும் சொல்லும் வந்துள்ளன. இவற்றுள் ‘காபாஷ்’ வன்மை பொருந்திய சொல் என்பதை மறுத்தற்கில்லை. நாட்டை வென்று அடக்குதற்கும் மக்களை அடிமைப்படுத்துதற்கும் அந்நூலின் பிறவிடங்களில் அது வருகின்றது. ஆயின் ஈண்டு அதற்குச் செயப்படுபொருளாக நிற்பது பூமியே யன்றி உயிர்களல்ல. காடு திருத்திக் கழனி செய்யும் உழவனும் மண்ணைக் கீழ்ப்படுத்துகின்றான்.

உயிர்களுக்கு உரியதாக வந்த ‘ராதா’ என்னும் சொல்லோ அரசர்க்கும் தலைவர்க்கும் உரியது. அதன் இயல்பை அந்நூல் கொண்டே அறிதல் வேண்டும். லேவியராகமம் இருபத்தைந்தாம் அதிகாரம், வறுமையால் தன்னை விற்றுக்கொண்ட உடன்பிறந்தானைக் கொடுமையாக ஆளலாகாது என விலக்குகின்றது. ஆண்டுள்ள சொல் அதுவே. எசேக்கியேல் முப்பத்துநான்காம் அதிகாரம், ஆடுகளை வலிந்தும் கொடுமை செய்தும் ஆண்ட மேய்ப்பரைக் கடவுள் சினந்து பேசுவதாகக் கூறுகின்றது, ஆண்டும் அச்சொல்லே. எழுபத்திரண்டாம் சங்கீதத்தில் எளியோரைக் காத்து ஆளும் நல்லரசனுக்கும் அச்சொல்லே வருகின்றது. எனவே அச்சொல் கொடுமையைத் தன்னுட் கொண்டதன்று. கொடுமையோடும் ஆளலாம், செம்மையோடும் ஆளலாம். கொடுமையோடு ஆள்வது கடவுட்கு உவர்ப்பு என்பதே அந்நூலின் முடிபு.

அன்றியும், ஆளுகை தந்த அதே மூச்சில் உணவு விதியும் கூறப்பட்டது. முதல் அதிகாரம் இருபத்தொன்பதாம் வசனத்தில் விதை தரும் பூண்டுகளும் கனி தரும் மரங்களுமே மனிதனுக்கு உணவாக வகுக்கப்பட்டன. அடுத்த வசனத்தில் விலங்கு பறவைகட்குப் பசும்பூண்டு வகுக்கப்பட்டது. கொன்றுண்ணுதல் அவ்விதியில் இல்லை. இரண்டாம் அதிகாரத்தில் மனிதன் ஏதேன் தோட்டத்தில் வைக்கப்பட்டது அதனைப் பண்படுத்தவும் காக்கவுமேயாம். பண்படுத்துதற்கு அங்கு வந்த எபிரேயச் சொல் ஊழியஞ் செய்தலையும் குறிப்பது. புலால் உண்ணும் இசைவு ஒன்பதாம் அதிகாரத்தில், ஊழிவெள்ளத்தின் பின்னரே வருகின்றது. அவ்விடத்தே தான், எல்லா விலங்குகளும் மனிதனைக் கண்டு அஞ்சி நடுங்கும் என்பதும் சொல்லப்படுகின்றது. உலகம் வன்கொடுமையால் நிறைந்தமையாலேயே வெள்ளம் வந்ததென்று ஆறாம் அதிகாரம் கூறுதலை நோக்க, பின்வந்த இவ்விசைவு படைப்பின் நிறைவன்று, வீழ்ச்சிக்குப் பின் நேர்ந்த தளர்ச்சி என்பது புலனாம். அவ்வதிகாரத்திலேயே கடவுள் செய்த உடன்படிக்கையோ நோவாவோடு மட்டுமன்றி, பேழையிலிருந்து வெளிவந்த எல்லா உயிர்களோடும் செய்யப்பட்டது. உடன்படிக்கையின் ஒருதலைக்கண் விலங்கும் நிற்கின்றது என்பதை இரு திறத்தாரும் மறந்தனர்.

உபதேசியார் குறித்துக் கொடுத்த இரண்டு இடங்களையும் கூறுவேன். ஒன்று உபாகமம் இருபத்தைந்தாம் அதிகாரம் நான்காம் வசனம். போரடிக்கும் மாட்டுக்கு வாய்க்கட்டு இடுதலை அது விலக்குகின்றது. தன் காலால் மிதித்துப் பிரிக்கும் கதிரில் ஒரு வாய் உண்ணும் உரிமை அம்மாட்டிற்கு உண்டென்பது கருத்து. மற்றொன்று யோனா என்னும் நூலின் கடைசி வசனம். நினிவே நகரத்தை அழிக்காமைக்குக் காரணமாகக் கடவுள் கூறுவது, ஆங்கு வலக்கை இடக்கை அறியாத 1,20,000-க்கு மேற்பட்ட மாந்தர் உளர் என்பதும், திரளான கால்நடைகளும் உள என்பதுமாம். ஒரு நூலை ஆசிரியர் எச்சொல்லோடு முடிக்கின்றார் என்பதை நோக்கிப் பொருள் கொள்ளுதல் நம் உரையாசிரியர் வழக்கு. அந்நூல் கால்நடைகளோடு முடிகின்றது.

இவையேயன்றி, ஓய்வுநாளில் எருதும் கழுதையும் ஓய்தல் வேண்டும் என்பதும், பகைவனுடைய கழுதை சுமையின்கீழ் வீழ்ந்து கிடப்பின் தூக்கிவிடுதல் வேண்டும் என்பதும், எருதையும் கழுதையையும் ஒரே ஏரிற் பூட்டலாகாது என்பதும், கூட்டில் தாய்ப்பறவையைக் குஞ்சுகளோடு பிடிக்கலாகாது என்பதும் அவர்தம் நியாயப்பிரமாணத்தில் உள்ளன. தன் விலங்கின் உயிரைப் பேணுவோனே நீதிமான் என்ற கருத்து நீதிமொழிகள் பன்னிரண்டாம் அதிகாரத்தில் உள்ளது. ஏசுநாதரோ, ஐந்து குருவிகள் இரண்டு காசுக்கு விற்கப்படுவதை எடுத்துக்காட்டி, அவற்றுள் ஒன்றும் கடவுளால் மறக்கப்படவில்லை என்று கூறியதாக லூக்கா எழுதுகின்றார். மத்தேயு எழுதியதில் காசு ஒன்றுக்குக் குருவி இரண்டு. அங்ஙனமாயின் காசு இரண்டுக்கு நான்கேயாதல் வேண்டும். ஐந்தாவது குருவி விலையின்றிக் கொசுறாக விழுந்தது. சந்தையில் ஒரு காசும் பெறாத அக்குருவியும் கடவுள் நினைவில் உண்டு என்பது அவ்வுவமையின் நுட்பம்.

அற்றேல், கிறித்துவ நாடுகளில் விலங்குகட்கு நேர்ந்த கொடுமைகட்கெல்லாம் வேர் யாதெனின், கூறுதும். அவ்வேர் ஒருசார் அவர்தம் வேதத்துள் உண்டு. பெரும்பான்மையும் கிரேக்க நிலத்திலிருந்து கொண்டுவந்து ஊன்றப்பட்டது. செடிகள் விலங்கின் பொருட்டும், விலங்குகள் மனிதன் பொருட்டும் உள்ளன என்று தம் அரசியல் நூலில் வகுத்தவர் அரிஸ்டாட்டில். ஆப்பிரிக்க நாட்டு ஹிப்போ நகரத்து ஆயர் அகஸ்டீன், உயிர்க்கொலை விலக்கிய மானியரை மறுக்கப் புகுந்து, ஏசுநாதர் பேய்களைப் பன்றிக்கூட்டத்துட் புகவிட்ட நிகழ்ச்சியை எடுத்துக்காட்டி, விலங்கைக் கொல்லாமை வெறும் மூடநம்பிக்கை என்றார். மாற்கு எழுதியதன்படி அங்கு மாண்ட பன்றிகள் ஏறத்தாழ 2,000. பதின்மூன்றாம் நூற்றாண்டினரான தாமஸ் அக்குவினாஸ் அரிஸ்டாட்டிலின் படிமுறையைத் தழுவி, பகுத்தறிவில்லா உயிர்கட்கு அன்புக்கடன் நேரே இல்லை என்றும், விலங்கைத் துன்புறுத்தலாகாது என்ற விதிகள் மனிதன் மனிதன்மேல் கொடியனாகாமற் பழக்குதற்கே என்றும் முடிவு கட்டினார். 1637-இல் டெக்கார்ட் என்பார் விலங்குகளைப் பொறிகளுக்கு ஒப்பிட்டு, அவற்றுக்கு அறிவுள்ள ஆன்மா இல்லையென வாதித்தார். இவற்றுட் பின்னையது வேத வாக்கியமன்று. தத்துவர் ஒருவர் கருத்து. ஆயினும் கிறித்துவ ஐரோப்பா அதனைக் கேட்டுத் தலையசைத்தது.

இங்ஙனம் கூறிய அக்குவினாஸ் முதலியோரைத் தம் வேதங்கொண்டே மறுத்த கிறித்துவர் பலர். எபிரேய மூலத்தில் விலங்குக்கும் மனிதனுக்கும் ‘நெபெஷ் ஹய்யா’ என்னும் ஒரே தொடர் வருகின்றது. 1611-ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு விலங்குக்கு வருமிடத்து அதனை உயிருள்ள பிராணி யென்றும், மனிதனுக்கு வருமிடத்து உயிருள்ள ஆன்மா வென்றும் பிரித்துப் பெயர்த்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர் இட்ட வேலி மூலத்தில் இல்லை. பிரசங்கி என்னும் நூலின் மூன்றாம் அதிகாரமும் மாந்தர்க்கும் விலங்கிற்கும் மூச்சு ஒன்றே என்கின்றது.

பாப்பரசர் ஐந்தாம் பயஸ் 1567-இல் எருதுப் போர்க் காட்சிகளைப் பேய்த்தன்மை யுடையனவாகக் கண்டித்து, அவற்றுக்கு இடந்தரும் அரசரைச் சபையினின்று விலக்குவதாக ஆணையிட்டார். எட்டாண்டுகளுள் அடுத்த பாப்பரசர் ஸ்பெயின் நாட்டார்க்கு அத்தடையைத் தளர்த்தினார். 1776-இல் ஹம்ப்ரி பிரிமாட் என்னும் ஆங்கிலக் குருவானவர் விலங்கிரக்கக் கடமை பற்றித் தனிநூல் ஒன்று வரைந்தார். நோவு என்பது உருவத்தாலும் நிறத்தாலும் மாறாதது. கருநிறத்தானை வெண்ணிறத்தான் அடிமை கொள்ளுதற்கு நிறம் எவ்வாறு நியாயமாகாதோ, அவ்வாறே விலங்கை வருத்துதற்கு உருவ வேற்றுமையும் நியாயமாகாது என்பது அவர் வாதத்தின் உயிர்நிலை. 1781-இல் ஜான் வெஸ்லி, ரோமர் எட்டாம் அதிகாரத்தில் படைப்பு முழுவதும் தவித்து விடுதலைக்குக் காத்திருப்பதாகக் கூறிய இடத்தை எடுத்துப் பிரசங்கித்து, விலங்குகளும் அவ்விடுதலையிற் பங்குபெறும் என்றார்.

சொல்லோடு நில்லாது செயலிற் காட்டியவர் ஆர்தர் புரூம் என்னும் குருவானவர். பாராளுமன்ற உறுப்பினர் ரிச்சர்டு மார்ட்டின் முயற்சியால் கால்நடைகளைக் கொடுமை செய்தலைத் தடுக்கும் சட்டம் 1822-இல் நிறைவேறியிருந்தது. 1824 ஜூன் 16-ஆம் நாள் இலண்டனில் ஒரு காப்பிக்கடையில் கூடிய சிலரைக் கொண்டு புரூம் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவினார். அடிமை வாணிகத்தை ஒழிக்கப் போராடிய வில்பர்போர்சும் அவருள் ஒருவர். சங்கம் கடனில் ஆழ்ந்தது; கடனுக்குப் பிணையாக நின்ற புரூம் சிறை புகுந்தார். மாட்டின் பொருட்டுச் சிறைபுக்க ஒரு பாதிரியாரைப் பற்றி நம் மேடைகளில் ஒருவரேனும் பேசக் கேட்டிலேம். அவர்க்குப்பின் சங்கத்தைத் தாங்கி நடத்தியவர் லூயிஸ் கொம்பெர்ட்ஸ் என்னும் யூதர்; புலாலும் பாலும் விலக்கியவர்; குதிரை வண்டியிலும் ஏறாதவர். 1830-களின் தொடக்கத்தில் சங்கத்தார், கிறித்துவ நெறிமேல் மட்டுமே சங்கம் நிற்கும் எனத் தீர்மானஞ் செய்து, அவர் விலகும்படி நேர்வித்தனர். எருதுக்குக் கதவு திறந்த இரக்கம் அண்டை மனிதனுக்குக் கதவை அடைத்தது. சமயப் பற்று இரக்கத்தின் எல்லையை வரையப் புகின் விளைவது யாதென்பதற்கு இது சான்று. இது நமக்கும் உரிய பாடம்.

1967-இல் லின் வொயிட் என்னும் வரலாற்று ஆசிரியர், இயற்கைக்கு நேர்ந்த கேட்டிற்கு மேலைக் கிறித்துவமே பெரும் பொறுப்புடையது என எழுதினார். அவரும் கிறித்துவரே, பறவைகட்கு உபதேசித்ததாகக் கூறப்படும் அசிசி நகரத்துப் பிரான்சிசைப் புதுவழிக்குக் காவலராகக் கொள்ளுமாறு வேண்டினார். 1979-இல் இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் அங்ஙனமே அறிவித்தார். ஆங்கிலக் குருவானவர் ஆண்ட்ரு லின்சி 1987-இலும் 1994-இலும் வெளியிட்ட நூல்களில், விலங்குகளின் உரிமை படைத்தவனுடைய உரிமையினின்று வருவது என்றும், எளியதன் பக்கம் வலியது சாய்தலே ஏசுநாதர் காட்டிய தலைமை என்றும் நிறுவினார். 2015-இல் பிரான்சிஸ் பாப்பரசர் தம் சுற்றுமடலில், ஆளுகை விதியை இயற்கையைச் சூறையாடும் உரிமையாகக் கொண்டது பிழைப்பொருள் என வெளிப்படையாகவே கூறினார்.

இவையெல்லாம் அவர்தம் பக்கம். இதுகாறும் கூறியவாற்றால், கிறித்துவத்தில் உயிரிரக்கம் இல்லை யென்பார் கூற்றுப் பொய்யென்பதும், ஆளுகை கொலையுரிமை யென்பார் கூற்று அவர் வேதத்துக்கே முரணென்பதும் பெறப்பட்டன. இனி மூன்றாம் திறத்தாரோடு எமக்குள்ள வழக்கை உரைப்போம். அது மூன்று கூறுபடும்.

முதலாவது, இரக்கத்திற்கு அவர் காட்டும் காரணம் பற்றியது. கத்தோலிக்க சபையார் 1992-இல் வெளியிட்ட மறைக்கல்வி நூல், விலங்குகளுக்கு அன்பு காட்டுதல் மனிதர் கடன் என்று கூறுகின்றது, அது நன்று. ஆயின் அவற்றை வீணே வருத்துதல் தகாமைக்கு அந்நூல் காட்டும் காரணம், அது மனித மாண்புக்கு ஒவ்வாது என்பதாம். ஈதென்னை? அடிபட்ட மாட்டின் முதுகு நோவ, இழுக்கு அடித்தவன் மாண்புக்கு மட்டுமோ? ஒருவன் பிறனொருவனை அடித்தவழி, “நீ அடித்தது நின் பெருமைக்குத் தகாது” என்று மட்டும் கூறி விடுவோமா? அடிபட்டவனுக்கு நேர்ந்த தீங்கன்றோ முதற்கண் கருதத்தக்கது? அக்குவினாஸ் இட்ட வித்து ஈண்டும் முளைக்கின்றது. இதனினும் பிரிமாட் கூறியதே செவ்விது.

இரண்டாவது, இசைவை விதியாக்கியது பற்றியது. படைப்பில் இல்லாத புலாலுணவு வெள்ளத்தின் பின் வந்த இசைவு என்று அவர் நூலே கூறாநிற்ப, இசைவை நித்திய உரிமையாகக் கொண்டு, அதன்மேல் இரக்கம் என்னும் மெல்லிய போர்வையைப் போர்த்துதல் எங்ஙனம் பொருந்தும்? மணவிலக்குப் பற்றி வினவினார்க்கு, அது மக்கள் இதயக் கடினத்தால் மோசே தந்த இசைவே யென்றும், ஆதியில் அங்ஙனம் இல்லை யென்றும் ஏசுநாதர் விடை கூறியதாக மத்தேயு பத்தொன்பதாம் அதிகாரம் கூறுகின்றது. ஆதி நிலையை அளவுகோலாக வைத்து இசைவை அளக்கும் அம்முறையையே புலாலுக்கும் கொள்ளுதல் அவர்க்குக் கடனாம். மனையறத்தில் ஆதியை நோக்குவோர் அடுக்களையில் மட்டும் வெள்ளத்துக்குப் பிற்பட்ட காலத்தை நோக்குதல் முரணே.

மூன்றாவதே தலையாயது. ஆளுதல் என்பது யாது? ஏசுநாதர் தம் மாணாக்கர்க்கு, புறவினத்து அரசர் குடிகளை அடக்கி ஆள்கின்றனர், உங்களுள் தலைவனாவோன் ஊழியனாகக் கடவன் எனக் கூறியதாக மாற்கு பத்தாம் அதிகாரத்தில் உள்ளது. தாமே மாணாக்கர் கால்களைக் கழுவியதாக யோவான் எழுதுகின்றார். தமிழ்க் கிறித்துவர் அவரை ஆண்டவர் என்றே அழைக்கின்றனர். அச்சொல் நம்முடையது, அதன் பொருளை நாம் அறிவோம். ஆள் என்பது வினையாயின் ஆளுதலையும், பெயராயின் அடியவனையும் குறிக்கும். இறைவன் ஆன்மாவை ஏற்றருளுதலை ஆட்கொள்ளுதல் என்கின்றோம். திருவெண்ணெய்நல்லூரில் ஓலை காட்டி நம்பியாரூரரைத் தன் ஆள் என வழக்கிட்டு வென்ற பெருமான், பின்னர் அவ்வாளின்பொருட்டுத் திருவாரூர்த் தெருவில் நள்ளிரவில் தூதனாய் நடந்தான். ஆண்டான் அடியானுக்கு ஏவலனாகி நின்ற அதுவே ஆளுதலின் முடிந்த நிலை. எனவே ஆண்டவரின் சாயல் எமக்கு உண்டு, ஆதலால் யாம் ஆள்வோம் என்பார், அவர் ஆண்ட முறையிலேயே ஆளுதல் வேண்டும். அடியார் கால் கழுவுபவன் ஆளுகையில் விலங்கின் கழுத்தில் கத்தி வைத்தற்கு இடம் யாண்டையது?

ஈண்டு அவர்க்கும் நமக்கும் உள்ள அடிப்படை வேற்றுமையையும் கூறல் வேண்டும். மனிதனுக்கும் விலங்குக்கும் இடையே அவர் கோடு கிழிக்கின்றனர்; சித்தாந்திகளாகிய நாமோ அக்கோட்டைப் பதிக்கும் பசுவுக்கும் இடையே கிழிக்கின்றோம். மக்களுடம்பில் நின்ற உயிரும் பசுவே. மாட்டுடம்பில் நின்ற உயிரும் பசுவே. கட்டுண்டவன் ஒருவன் கட்டுண்ட மற்றொருவனை ஆளும் உரிமை எனக்குண்டு என்றல் சிறைக்கூடத்தில் ஒரு கைதி மற்றொரு கைதியின்மேல் அரசாணை பிறப்பிப்பதனை ஒக்கும். பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தில் நாரை முத்தி பெறுகின்றது. கரிக்குருவி உபதேசம் பெறுகின்றது. தாயை இழந்த பன்றிக்குட்டிகட்குச் சோமசுந்தரக் கடவுள் தாய்ப்பன்றியாய் வந்து பால் கொடுக்கின்றார். பன்றியைப் பேய்க்கு உறையுளாகக் கண்ட அகஸ்டீன் வாதத்துக்கு இதனினும் சிறந்த விடை வேண்டா.

இன்னும் ஒன்று. ஆளுகையை இரக்கத்தோடு செலுத்துக என்பார், இரக்கத்தை ஆள்வோன் கையிலுள்ள கொடையாக வைத்துவிட்டனர். கொடை கொடுப்போன் விருப்பத்தது, மறுத்தால் வழக்கில்லை. திருவாரூரில் கன்றை இழந்த பசு, மனுவேந்தன் வாயிலிற் சென்று மணியை அசைத்தது இரந்து நிற்றற்கன்று, முறை வேண்டி. அரசனும் அதனைப் பிச்சை கேட்டதாகக் கொண்டிலன், வழக்கிட்டதாகவே கொண்டான், தன் மைந்தனையே தேர்க்காலில் இட்டான். உயிர்கட்கு நாம் செலுத்தவேண்டியது இரக்கம் மட்டுமன்று, முறையும் ஆம் என்பதே அவ்வரலாற்றின் பொருள். லின்சி போன்ற கிறித்துவ அறிஞர் உரிமை என்னும் சொல்லைக் கையாண்டு இவ்விடத்தையே அணுகிவிட்டனர். அவரைப் பின்பற்றிப் பிறரும் வருவாராயின் எமக்கு அவரோடு வழக்கில்லை.

இனி நம்மவரை நோக்கி ஒரு சொல். நல்லூர் ஆறுமுக நாவலர் பெர்சிவல் பாதிரியார்க்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்று, அந்நூலை ஐயந்திரிபறக் கற்ற பின்னரே 1854-இல் சைவ தூஷண பரிகாரம் எழுதினார். படியாது மறுத்தல் அவர் வழியன்று. என் இளமைப் பேச்சும் அவர் வழியதன்று. கொல்லாமையை நம் சமயத்தின் சிறப்பாகப் பேசுகின்றோம். பேசும் நாம் நேர்த்திக்கடனாகத் திருக்கோயிலிற் கன்றை விட்டு வந்தபின், அஃது எதை உண்கின்றது, எங்கே கிடக்கின்றது என்று ஒருநாளேனும் சென்று பார்த்ததுண்டோ? திருவிழாவில் யானையின் முன்னே கைகூப்பி நிற்குங்கால், அதன் காற்சங்கிலியின்கீழ் உள்ள புண் நம் கண்ணுக்குப் படுகின்றதோ? கறவை நின்ற பசுவை விற்கும்பொழுது வாங்குவோன் எதற்காக வாங்குகின்றான் என்பதை அறியாதவர் போல் நடிக்கின்றோம் அல்லமோ? புலால் உண்ணாமை ஒன்றினாலேயே முறை செய்தவராவோம் என எண்ணுதல், ஆளுகை பெற்றமையினாலேயே உயர்ந்தோம் என்று எண்ணும் அவர் மயக்கத்தினும் குறைந்ததன்று.

வாயிலில் மணி கட்டிய மரபு நம்முடையது. பசு வந்து அதனை அசைக்குங்கால் கதவு திறப்பார் உளரோ என்பதே இனி வினா. கதவு திறப்போன் திருநீறு அணிந்தவனாயினும் ஆகுக, சிலுவை அணிந்தவனாயினும் ஆகுக. பசுபதியின் திருவுள்ளம் அவன்பால் உண்டென்பதில் எமக்கு ஐயமில்லை. இதன்கண் குற்றங் காணும் அறிஞர் நூல்களை நேரே நோக்கி எழுதுவாராயின், திருத்திக்கொள்ள யான் என்றும் கடப்பாடுடையேன்.

திருச்சிற்றம்பலம்.